சமுத்திரம் முதலாளிக்கு இரண்டாம் பாகம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேண்டு செட்டின் தலைவர் தேவஇரக்கம் மாஸ்டர் சொந்தமாக ஒரு சிம்பொனி எழுதியிருந்தார். நாலு பாகம். முதல் பாகத்தில் கார்னெட் குழல்கள் போட்ட கூச்சலில் சேத்தூரில் பசுமாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. இரண்டாம் பாகம் மெதுவானது. மூன்றாவது துள்ளல். நாலாவதுதான் மாஸ்டரின் உயிர். மேற்கு மலையிலிருந்து மழை இறங்கி வருவதுபோல, முப்பது பேரும் ஒரே மூச்சாக வாசிக்க வேண்டும். சாவதற்குள் அதை ஒரே ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

எங்கே விட்டார்கள்? கல்யாண வீட்டில் முதல் பாகம் பாதி போகும்போதே பந்தி போட்டுவிடுவார்கள். பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் கிளாரினெட்டுக்காரர்கள்தான் முதல் இலையில் இருப்பார்கள்.

1938இல் ராஜபாளையம் பஞ்சு வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு அழைப்பு வந்தது. சங்கத்தின் செயலாளர் வைகுண்டராஜ் வீட்டுக்கே வந்து பேசினார்.

"முப்பது பேரும் வரட்டும் மாஸ்டர். ஆனா அந்தக் குச்சி ஆட்டுற ஆளு எதுக்கு? அதுல சத்தமே வரலியே."

"அது நாந்தான்யா."

"சரி, வந்தது வந்துட்டீக, ஒரு ஓரமா நின்னு ஆட்டிக்கிடுங்க. பாட்டு மட்டும் சுருக்கா முடியணும். நன்கொடை குடுத்த நாலு முதலாளிமாருக்கும் மாலை, சரிகைத் துண்டு, நாற்காலி மரியாதை இருக்கு. அதுக்கே விடிஞ்சிரும்."

மாஸ்டரின் தலைக்குள் விளக்கு எரிந்தது.

"ஐயா, ஆளுக்கு ஒரு பாகம் வாசிச்சுருவோம். மாலை போட்டு உக்காந்ததும் தொடங்கினா, பாட்டு முடியிற மட்டும் அவிய மேடையிலே இருக்கலாம்."

வைகுண்டராஜ் பூரித்துப் போனார். அவ்வளவு நேரம் மேடையில் உட்கார முடியும் என்றால் முதலாளிமார் சொத்தையே எழுதி வைக்கவும் தயங்க மாட்டார்கள்.

பெரிய டிரம் அடிக்கும் பால்துரை, மாஸ்டரின் மச்சினன், கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அத்தான், ரெண்டாம் பாகம் யாரு தலையில விழப்போவுது? நம்ம ஊருல மெள்ள வாசிச்சா எழவுன்னுதான் அர்த்தம்."

"சங்கீதம் தெரியாதவன் பேச்சு," என்றார் மாஸ்டர்.

விழாவன்று நாலு பேரில் முதலாவதாகச் சங்கத் தலைவர் முதல் பாகத்துக்கு உட்கார்ந்து எழுந்தார். அடுத்து சமுத்திரம் முதலாளி. அவருக்கு நாலு நாளாகப் பல்வலி. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். நெற்றியில் வெள்ளி ரூபாய் அகலத்துக்குச் சந்தனம். ஆள் உயர ரோஜா மாலையைப் போட்டதும் வலி தாங்காமல் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். மாஸ்டர் குச்சியை மெதுவாக, மிக மெதுவாக அசைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா சமுத்திரத்தின் சம்சாரம் வெள்ளைத்தாய் மாட்டுவண்டியில் வந்து இறங்க வேண்டும்? புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு மம்சாபுரத்தில் தாய்வீட்டில் இருந்தவள், கோபம் தணிந்து திரும்பி வருகிறாள். கூட்டத்துக்கு மேலே பார்த்தாள். மாலை. தாடைக்கட்டு. நாற்காலி. உருகி வழியும் பேண்டு.

தலைவிரிகோலமாக விழுந்தாள்.

"என் ராசாவே, ரெண்டு வார்த்தை பேசிட்டேன்னா இப்பிடி உக்காந்துட்டீக? கர்ணனாட்டம் கையில்லா ஒங்க கை! பஞ்சு மாதிரி மனசில்லா! ஊரே பொறாமப்பட்ட அழகில்லா!"

ஒருத்தி அழுதால் தனியே விடுவது நம் பெண்களுக்கு வழக்கமில்லை. விஷயம் தெரிந்தவள், தெரியாதவள், வேர்க்கடலை வாங்க வந்தவள் எல்லாரும் வளையமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தக் கண்ணீரில் பஞ்சுப்பேட்டை மூட்டைகள் நனைந்து எடை கூடியதாகச் சொல்வார்கள்.

மாஸ்டர், சிம்பொனி தொலைந்தது என்று குச்சியைத் தாழ்த்தப் போனார். மாலைக்கு அடியிலிருந்து ஒரு விரல் நீண்டது.

"நிறுத்திராதீக மாஸ்டர்," என்றது பிணம், ஒற்றைக் கண்ணைத் திறந்து. "இவ வாயால என்னை நல்லவன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்."

இரண்டாம் பாகம் கடைசி சுரம் வரைக்கும் ஓடியது. முதலாளி எழுந்து நின்றபோது வெள்ளைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உசுரோட இருந்துக்கிட்டா இம்புட்டு நேரம் அழவிட்டீக? அம்புட்டையும் வாபஸ் வாங்கிக்கிடுதேன்," என்றாள்.

மாஸ்டர் மூன்றாம் பாகத்துக்குத் தாளைப் புரட்டினார். மேடையேறிய எண்ணெய் வியாபாரி இருளப்பசாமி கையமர்த்தினார்.

"எனக்கும் சமுத்திரத்துக்கு வாசிச்சதையே வாசியும். நான் குடுத்தது மட்டும் செல்லாக் காசா?"

அவர் வீட்டுப் பெண்கள் அதற்குள் கொண்டையை அவிழ்த்தாயிற்று. நாலாவது முதலாளி தோள் துண்டைத் தாடையில் கட்டிக்கொண்டேதான் படியேறினார். சங்கத் தலைவர் தமக்கு மோசடி நடந்துவிட்டதாகச் சொல்லி மறுபடியும் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் பாகம் நாலு தடவை ஒலித்தது. நாலாம் பாகம் பெட்டிக்குள்ளேயே தூங்கியது.

"மொத்தத்துல நாலுக்கு அஞ்சு பாகமா வாசிச்சாச்சுல்லா அத்தான்," என்றான் பால்துரை.

இருண்டு போன மாஸ்டரின் முகத்தைப் பார்த்து சமுத்திரத்துக்கே மனசு கேட்கவில்லை. "வருத்தப்படாதீரும். நான் போற அன்னைக்கு நாலு பாகமும் முழுசா வாசியும். குறுக்க பேச நான் இருக்க மாட்டேன். எழுதியே வச்சிருதேன்."

அன்று முதல் மாஸ்டர் வாரம் தவறாமல் ராஜபாளையம் போனார்.

"முதலாளிக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"பல்லைப் பிடுங்கிட்டேன் மாஸ்டர். கல்லு கணக்கா இருக்கேன். நீரு வந்து விசாரிக்கிற அன்புக்கே நூறு வருசம் இருப்பேன்."

"சந்தோசம்," என்பார் மாஸ்டர். சொல்லிவிட்டு, அவருடைய மற்ற பற்களையும் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.