புதினா சிகரெட்

அந்த நாடகக் கம்பெனியில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒருவனுக்குத்தான் அண்ணி. கணீர் என்று பட்டப்பெயர் வாங்கிய நடிகனுக்கு. குரல் அப்படி, கடைசி வரிசையில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும். அவன் மூச்சுக்கு மூச்சு அண்ணி, அண்ணி என்று சொல்லிச் சொல்லி, கம்பெனிக்கே அவள் அண்ணியாகிவிட்டாள்.

மேடைக்கு அடியில் இருந்த அறை அவளுடையது. வயர் இல்லாத டெலிபோன், ஓடாத கடிகாரம், அட்டையில் செய்த ரொட்டி எல்லாம் அவள் பொறுப்பு. கணவர் நுரையீரல் கெட்டு இறந்த பிறகு, கொழுந்தன்தான் பேசி அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டான். அண்ணனைக் கொண்டுபோனது சிகரெட் என்பதால் அவனும் அதைத் தலைமுழுகினான். விட்ட புதிதில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். பிறகு மெல்ல அடங்கினான்.

புது நாடகத்தில் அவனுக்கு வயதான மாலுமி வேடம். பல வருடம் கழித்து வீடு திரும்பும் மாலுமி, மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, புகைத்தபடியே தான் ஓடிப்போன கதையைச் சொல்ல வேண்டும். வசனத்தைப் படித்ததும் அவனுக்கு ஆசை வந்தது. புகையை நினைத்ததும் பயம் வந்தது.

“வேற யாரையாவது போட்டுக்கச் சொல்லிடறேன் அண்ணி.”

“அவசரப்படாத தம்பி. புகையிலை இல்லாம நான் சுத்தித் தர்றேன்.”

முதலில் காய்ந்த ரோஜா இதழில் சுற்றினாள். ஒத்திகையில் இயக்குநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “யாரு தலைமுடி எரியுது?” என்று கேட்டார். பப்பாளி இலையில் சுற்றியதற்கு மகளாக நடித்த பெண் இருமி இருமி வசனத்தை மறந்தாள். கடைசியில் நிழலில் உலர்த்திய புதினாவோடு சோளக்கதிர் நாரைச் சேர்த்து, தேன் கலந்த தண்ணீரைத் தெளித்து, மெல்லிய தாளில் சுற்றியது சரியாக வந்தது. எப்படி எரிகிறது என்று பார்க்க அவளே ஒன்றைப் பற்றவைத்தாள். அவள் வாழ்க்கையில் விட்ட முதல் புகை அது. கண்ணில் தண்ணீர் கொட்ட அவள் நின்ற கோலத்தைப் பார்த்துக் கொழுந்தன் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

“சிரிச்சது போதும்” என்றாள். “எந்த இலையா இருந்தாலும் புகை புகைதான். உள்ள இழுக்காத. வாயோட வெச்சு விட்டுடு.”

அப்படியே செய்தான். நாடகம் நன்றாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். மதியக் காட்சிக்கு வரவில்லை. விளக்குப் போடுகிறவர்தான் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். புதினா சிகரெட் இருந்த அலமாரி பூட்டியிருந்தது, சாவி அவளிடம். நல்ல மனிதர், விஷயம் தெரியாதவர். எதிர்க் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, அதிலிருந்த சிகரெட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மேடையில் பற்றவைத்து வாயில் வைத்த பிறகுதான் கணீருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் இழுத்தான். நெஞ்சு வரைக்கும் இழுத்தான். அடுத்த நொடி அதைச் சாம்பல் கிண்ணத்தில் நசுக்கினான். மிச்ச வசனத்தை வெறுங்கையோடு சொல்லி முடித்தான். நசுக்கியதையும் நடிப்பு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

திரை விழுந்ததும் ஒட்டுமீசையைக்கூட எடுக்காமல் அண்ணி வீட்டுக்கு நடந்தான். போர்வையோடு கதவைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்து வழிவிட்டாள்.

“அண்ணி, நிஜ சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்துட்டேன்.” உட்காராமலே நடந்ததையெல்லாம் சொன்னான்.

“பிடிச்சுதா?”

“ரொம்பப் பிடிச்சுது. அதான் பயமா இருக்கு.”

அவள் திட்டுவாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உங்கண்ணன் தினமும் குளியலறை ஜன்னல் வழியா ஊதிட்டு, ஏலக்காயை மென்னுட்டு வருவார். எனக்குத் தெரியாதுன்னே நினைச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். தெரியாத மாதிரியே நானும் இருந்துட்டேன். ஒருநாள் வந்து சொல்லியிருந்தா, பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்.” போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காய்ச்சலா என்னவோ. “நீ வந்து சொல்லிட்ட. அது போதும். உட்காரு.”

அவன் உட்கார்ந்தான். கணீர் என்ற குரல் சின்னதாகி அழுதது. அவள் அவன் தலையில் கை வைத்தாள். பிறகு அந்த மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். இரண்டு பேரும் பாலைக் காய்ச்சிக் குடித்தார்கள்.

“இனிமே பத்தவைக்கவே வேணாம் அண்ணி. இலையும் வேணாம். புகையே வேணாம்.”

“இயக்குநர்கிட்ட நான் பேசறேன்.”

இயக்குநர் உடனே சம்மதிக்கவில்லை. மாலுமி புகைக்காமல் எப்படி என்று இழுத்தார். ஒத்திகையில் செய்து காட்டச் சொன்னார். கணீர் மகளைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பற்றவைக்காத சிகரெட்டை விரலால் கிழித்துக் கிழித்துப் போட்டான். புதினா வாசனை முதல் வரிசை வரைக்கும் போயிற்று. மகளாக நடித்தவளுக்கு யாரும் சொல்லாமலே கண் கலங்கியது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இப்படியே இருக்கட்டும்” என்றார்.

அண்ணி இப்போதும் கிழிப்பதற்காகத்தான் சுற்றித் தருகிறாள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் மேடை முழுக்க இலைத்தூள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் முணுமுணுப்பாள்: “இதுக்கு நீ ஊதித் தள்ளியிருக்கலாம்.”

“கொடுங்க அண்ணி” என்று துடைப்பத்தை வாங்கி அவன் கூட்டுவான்.