கையெழுத்தில்லாத முதல் பரிசு

நியாயம் பேசும் நல்லவர்களே, வாருங்கள்! வழக்கு மன்றத்துக்கு அல்ல, ஓவியர் சங்கத்தின் கூடத்துக்கு. நேற்று அங்கே பட்டப்பகலில் ஒரு களவு நடந்தது. களவாடியவர்கள் அனைவரும் கண்ணியவான்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காப்பிக் கோப்பை. அதனால்தான் ஒருவரும் கூச்சல் போடவில்லை. நீங்களாவது கண்திறந்து பாருங்கள்.

கூடத்தின் மூலையில், மடக்கு மேசைக்கு முன்னால், படங்களுக்கான பெயர் அட்டைகளைத் தூரிகையால் எழுதிக்கொண்டிருந்தார் ஓர் அம்மையார். சங்கத்தார் அவரை 'டீச்சர்' என்பார்கள். அந்த அழைப்பில் மரியாதை உண்டு; மரியாதையைத் தவிர வேறொன்றும் கிடையாது. அட்டை எழுதக் கூலியும் கிடையாது.

இளமையில் அவர் அச்சகத்தில் வடிவமைப்பாளர். தலைவலிக்கு நீங்கள் விழுங்கிய மாத்திரையின் பெட்டி, முகம் கழுவிய சோப்பின் உறை, உங்கள் பிள்ளை கிழித்தெறிந்த பிஸ்கட் தாள், எல்லாம் அவர் கைவண்ணம். "எதைக் கேட்டாலும் பாடம் நடத்துறீங்க, நீங்க காலேஜுக்குப் போங்க" என்றது அச்சகம். போனார். "எதைக் கேட்டாலும் வரைஞ்சு காட்டிடுறீங்க, நீங்க ஆர்ட்டிஸ்ட்" என்றது கல்லூரி. ஓய்வுபெற்று ஓவியரானார். "சோப்பு டப்பா போட்டவங்கதானே?" என்று மூக்கைச் சுளித்தது சங்கம். மூன்று தொழில் அறிந்தவரை ஒரு தொழிலும் அறியாதவராக்க மூன்று நிறுவனங்கள் தேவைப்பட்டன. ஒற்றுமை ஓங்குக!

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மலிவு அச்சில் நிறங்கள் சற்றே நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி அசிங்கமாகும். அதைத் தடுக்க, இரண்டு நிறங்களுக்கு நடுவே நூலளவு வெள்ளையை விட்டுவைப்பார். பின்னாளில் ஓவியத்தில் பொருளுக்கும் நிழலுக்கும் நடுவே அதே வெள்ளையை விட்டார். படத்தில் வெயில் அடித்தது. வகுப்பில் அதைச் சொல்லியும் கொடுத்தார். கற்றுக்கொண்ட மாணவர்களில் ஒருவர் இன்று சங்கத் தலைவர். அந்த வெள்ளைக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'தலைவர் கோடு'.

இன்னொரு பழக்கமும் இருந்தது. மாத்திரைப் பெட்டியில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? மாணவன் படத்தைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியை அதில் தன் பெயரை எழுதுவாரா? வாழ்நாள் முழுவதும் கையெழுத்துப் போடாமலே வேலை செய்த கை, தன் சொந்தப் படத்திலும் போடவில்லை.

ஆண்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்குபவருக்கு அந்தக் கூடம் ஒரு மாதம் தனிக் காட்சிக்குக் கிடைக்கும். டீச்சரின் படங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் அடைந்து கிடந்தன. அவற்றை ஒருமுறை சேர்த்துச் சுவரில் பார்க்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

சங்கத்தின் நேர்மை உலகறிந்தது. நடுவர்களுக்குப் பெயர் தெரியக்கூடாதென்று, வரைந்தவர்களே படத்தின் வலது கீழ்மூலையில் காகிதத் துண்டு ஒட்டித்தான் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். தலைவரும் போட்டியிடுவார், ஆனால் நடுவராக இருக்கமாட்டார். நடுவர்களுக்குப் பின்னால் நிற்பார், அவ்வளவே.

நடுவர்கள் ஒரு படத்தின் முன் நின்றார்கள். வராந்தாவில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலிக்கும் நிழலுக்கும் நடுவே நூலளவு வெள்ளை.

"அடடா! இந்தக் கோட்டைப் பாருங்க. யார் கைன்னு சொல்லவும் வேணுமா?" என்றார் மூத்த நடுவர்.

"உஷ்! பேரைச் சொல்லக்கூடாதுங்க," என்றார் செயலாளர்.

"நான் எங்க பேரைச் சொன்னேன்? கோட்டைத்தானே சொன்னேன்!"

தலைவர் மின்விசிறியை ரசித்தார். அடுத்த சுவரில் அதே கோடு போட்ட இன்னொரு படம் இருந்தது. "இது யாரோ தலைவரைக் காப்பியடிக்கிற பய," என்று கடந்துபோனார்கள். அப்போதும் தலைவர் மின்விசிறியையே பார்த்தார். ஆனால் ரசித்ததாகத் தெரியவில்லை.

துணைக்கு வந்து அட்டைகளைக் காயவைத்துக்கொண்டிருந்த டீச்சரின் தங்கை, அவர் முழங்கையை இடித்தாள். "அக்கா, நாற்காலிப் படம் உன்னோடதுதானே? வாயைத் திறயேன்."

"விதி இருக்குடி. முடியட்டும்."

"அதை மதிக்கிற ஒரே ஆள் இங்க நீதான்!"

நாற்காலிக்கே முதல் பரிசு. செயலாளர் துண்டை உரித்தார். கீழே ஒரு நாற்காலிக் கால் மட்டும் இருந்தது.

"கையெழுத்தைக் காணோமே?" என்றார் மூத்த நடுவர்.

"தலைவரோட பெரிய மனசுங்க!" செயலாளர் உருகினார். "யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கையெழுத்தே போடல. டீச்சர், தலைவர் பேரை எழுதுங்க. கொஞ்சம் பெரிசா."

தலைவர் மறுக்கவில்லை. அடக்கம் அவரைப் பேசவிடவில்லை.

டீச்சர் எழுந்தார். "அது என் படம்."

கூடத்தில் காப்பி உறிஞ்சும் ஓசைகூட நின்றது. தங்கையோ நிற்கவில்லை. நேரே அடுத்த சுவருக்குப் போய், 'காப்பியடிக்கிற பய' படத்தின் துண்டைச் சர்ரென்று உரித்தாள். தலைவரின் கையெழுத்து வளைந்து நெளிந்து வெளியே வந்தது.

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செயலாளர் தொண்டையைச் செருமினார். "கையெழுத்து இல்லாத படம் போட்டிக்குத் தகுதியில்லை. அதுதான் விதி."

"எப்ப போட்ட விதி?" என்றாள் தங்கை.

"விதிய அப்படியெல்லாம் கேக்கக்கூடாதும்மா."

"அவர்னா பெரிய மனசு, எங்க அக்கான்னா தகுதியில்லையா?"

தலைவர் கனிவோடு முன்வந்தார். "டீச்சர், எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். ஆனா சங்கத்துக்குன்னு ஒரு முறை இருக்கில்லையா? அடுத்த வருஷம் கையெழுத்தோட கொண்டாங்க."

"அடுத்த வருஷம் எதுக்குப்பா? இப்பவே போடுறேன்." அட்டை எழுதிய தூரிகையோடு படத்தை நோக்கி நடந்தார் டீச்சர். செயலாளர் இரு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார். கலையைக் காப்பாற்ற அவர் உடலை வருத்திக்கொண்டது அன்றுதான் முதல் முறை.

நாற்காலிப் படம் இறக்கப்பட்டுக் கிடங்கறைக்குப் போனது. மூத்த நடுவர் தலைவரின் படத்தை மறுபடி பார்த்து, முதலில் புலப்படாத ஆழம் இப்போது புலப்படுவதாக அறிவித்தார். முதல் பரிசு, தனிக் காட்சி, கைதட்டல், எல்லாம் ஆழத்துக்கே.

"அட்டை, டீச்சர்..." என்று இழுத்தார் செயலாளர்.

"நீங்களே எழுதிக்குங்க," என்றார் டீச்சர். "வா, போகலாம்" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

தலைவரின் தனிக் காட்சிக்கு இன்று மாலை திறப்பு விழா. உங்களில் பலருக்கு அழைப்பு வந்திருக்கும். கிழித்தெறியாதீர்கள், கூட்டமாகப் போங்கள். தலைவர் பேச எழும்போது கிடங்கறைக் கதவின் முன் போய் நில்லுங்கள். அந்தப் படத்தை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள்; வரைந்தவரை அழைத்துவரச் சொல்லுங்கள்; உங்கள் கண்ணெதிரே அவர் கையெழுத்துப் போடட்டும். அது சுவரில் ஏறும்வரை ஒருவரும் கைதட்டாதீர்கள்!