விசில் ஊதினால் நில்

பந்தைத் துரத்துகிற பிள்ளைகள் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். யாருக்குத் தள்ளலாம் என்று யோசித்து ஆடுகிற பிள்ளைதான் குதிரைக்கொம்பு. அதற்காகவே ஹாக்கியில் நான் ஒரு பயிற்சி வைத்திருந்தேன். ஆட்டம் சூடுபிடிக்கும்போது விசில் ஊதுவேன். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். காலை அசைக்காமல், தலையை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பி, எவள் தனியாக நிற்கிறாள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூடி, பதின்மூன்று வயது, அடித்த ஆணிபோல் நிற்பாள். செங்கொடிக்குத்தான் கால் நிற்காது. விசிலுக்குப் பிறகும் நாலடி ஓடிவிடுவாள்.

"காதுல இன்னா பஞ்சு வெச்சிகினு கீறியா? ஜூடிய பாத்து கத்துக்க!" என்று கத்தி, மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தூக்கத்தில் ஊதினாலும் ஜூடி நிற்பாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

கொருக்குப்பேட்டையில் மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போகத் தண்டவாளம் தாண்ட வேண்டும். சுற்றிப் போக அரை மணி நேரமாகும், யாரும் போவதில்லை. நானும் போனதில்லை.

போன வியாழக்கிழமை மாலை பிள்ளைகள் மட்டையும் கையுமாகப் பேசிக்கொண்டே தாண்டினார்கள். பந்துப் பையோடு நான் பின்னால் வந்தேன். கூட்ஸ் பெட்டிகள் சத்தமில்லாமல் பின்னோக்கி நகர்ந்து வருவதை அப்போதுதான் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், ஓடு என்று கத்தியிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், கை கழுத்திலிருந்த விசிலுக்குப் போனது. உயிரைக் கொடுத்து ஊதினேன்.

செங்கொடி ஓடினாள். மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஜூடி தண்டவாளத்தின் நடுவில் நின்றாள். தலையை இடப்பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் திருப்புவதற்குள் பெட்டி வந்துவிட்டது.

உயிர் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அம்மா சிலுவையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் விசிலு ஊதாங்காட்டி அத்தினி புள்ளைங்களும் பூட்டிருக்கும் மாஸ்டர். நீ நல்லா இருக்கணும்."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். அந்தக் காலை எடுத்தது ரயில் இல்லை, நான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

ஜூடி மயக்கம் தெளிந்து படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டை நனைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நான் அசையவே இல்ல மாஸ்டர். செங்கொடிதான் ஓட்னா. அவள திட்டாதீங்க."