பாறை விளிம்பில் திரும்பிய வண்டி

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் செம்மண் தடம் பள்ளத்தாக்கின் விளிம்பில் முடிந்துபோனது. வாடகைக்கு எடுத்த, படுக்கையும் அடுப்பும் கொண்ட நீர்த்துளி வடிவக் கேம்பிங் வண்டியை மார்னி காரில் பூட்டி இழுத்து வந்திருந்தாள். திரும்பிப் போகக் காரைப் பின்னால் எடுக்க எடுக்க, வண்டி அவள் ஒடித்ததற்கு எதிர்ப்பக்கமே வளைந்தது.

“அக்கா, உன் மாஜி புருஷன வேணா கூப்பிடட்டுமா?” என்று தங்கை டெஸ் சீண்டினாள். “எப்பவும் அவர்தானே ஓட்டுவாரு.”

“அவன்கிட்ட கேக்குறதுக்குப் பதிலா இங்கயே குடியிருந்துடுவேன்.”

மார்னி இறங்கிக் கொக்கியைக் கழற்றினாள். முதலில் காரைத் தனியாகத் திருப்பினாள். பிறகு இருவரும் வண்டியைத் தள்ள, தூங்கும் குழந்தை புரண்டு படுப்பதுபோல் அது மெல்லத் திரும்பியது.

டெஸ் வண்டியின் பின்கதவைத் தூக்கினாள். உள்ளே இருந்த அடுப்புக்கு எதிரே, பள்ளத்தாக்கு முழுவதும் அந்தி வெயிலில் மிதந்தது.

“கிளம்பலாமாக்கா?”

“வழி எங்கயும் ஓடிடாது. காபியப் போடு.”