இரும்புக்குக் காய்ச்சல்

குளிர்காலம் வந்தால் எங்கள் வார்டில் நோயாளிகளைவிட நர்ஸுகள்தான் முதலில் சாய்வார்கள். ஜன்னல்களை இறுக்கி மூடியாகிவிடும். வார்டு முழுக்க இருமிய காற்றைத்தான் நாங்களும் இழுத்து விட வேண்டும். ஒருத்தி தும்மினால் மறுநாள் அவள் வரமாட்டாள். அதற்கு மறுநாள் அவளோடு டீ குடித்தவள் வரமாட்டாள். எந்தக் குளிருக்கும் அசையாத ஒரே ஆள் நான். அதனால் வார்டு ஆயா எனக்கு இரும்பு என்று பெயர் வைத்தாள். அதே வார்டில் வேலை பார்க்கும் என் தங்கைக்குப் பஞ்சு.

பஞ்சு வருஷம் தவறாமல் படுப்பாள். நடிக்கிறாள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், நிஜக் காய்ச்சல்தான். எனக்கு அதில்தான் எரிச்சல். பொய்யாக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

அவள் படுத்ததும் தலைமை நர்ஸ் எனக்குப் போன் போடுவார். "இரும்பு, அவ டூட்டியையும் சேர்த்துப் பாத்துடு." பார்ப்பேன். வேலைக்கு நான் அழுததில்லை. வீட்டில் நடப்பதைப் பார்த்தால்தான் வயிறு பற்றி எரியும்.

இந்த முறையும் அப்படித்தான். இரண்டு டூட்டி முடித்து, கால் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வா. பாப்பா இப்பதான் கண்ணசந்தா."

பாப்பாவுக்கு இருபத்தாறு வயது. அவள் கட்டிலை ஹீட்டர் பக்கத்தில் நகர்த்திப் போட்டிருந்தாள் அம்மா. வீட்டில் இருக்கும் ஒரே தடிப் போர்வை அவள் மேல். ஆவி பிடித்த பாத்திரம், துவைத்த துண்டு, தைலம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஓர் அமைச்சருக்குக்கூட எங்கள் ஆஸ்பத்திரியில் இந்தக் கவனிப்பு கிடைக்காது. அம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். தெர்மாமீட்டர் பக்கத்திலேயே கிடந்தது, தொடவில்லை.

"எனக்கும் தலை கனமா இருக்கும்மா," என்று சொல்லிப் பார்த்தேன்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டா சரியாயிடும்," என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறிப்போன சாப்பாட்டை நின்றபடியே தின்றேன். பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு வேண்டாம். அந்தக் கை ஒரே ஒருமுறை என் நெற்றிக்கு வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நாளைக்கு நானும் படுக்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

காலையில் அம்மா மருந்துக் கடைக்குக் கிளம்பியதும் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், தனக்குத் தெரிந்ததையே சொன்னது.

"சிஸ்டர், காய்ச்சல் நூத்தி ஒண்ணு. நாடி தொண்ணூத்தி ரெண்டு. மூச்சு சீரா இருக்கு. வாய் வழியா நீராகாரம் எடுத்துக்கறேன்."

 அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஏம்மா, நீ லீவு சொல்றியா, டூட்டி மாத்தறப்போ ரிப்போர்ட் குடுக்கறியா? எத்தனை குளிர்காலம் பாத்திருக்கேன் நான். நிஜமா காய்ச்சல் வந்தவ நாடியெல்லாம் எண்ண மாட்டா. 'சிஸ்டர், முடியல'ன்னுட்டு போனை வச்சிடுவா."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "இல்ல சிஸ்டர், நிஜமாத்தான்."

"சரி சரி, படுத்துக்கோ. நீ லீவு கேட்டதே இல்ல. வேற ஆள் பாத்துக்கறேன்."

அவர் பார்த்த வேறு ஆள் யார் என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. தங்கை சீருடையோடு என் முன்னால் வந்து நின்றாள். மூக்கு இன்னும் சிவப்பாக இருந்தது.

"அக்கா, உனக்கே முடியலையா? சொல்லவே இல்லையே! எனக்கு நேத்து ராத்திரியே விட்டுடுச்சு, நான் போய்ப் பாத்துக்கறேன். நீ என் கட்டில்ல படு, அங்கதான் கதகதப்பா இருக்கும்."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, அந்தத் தடிப் போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டு, ஜன்னல் திரையையும் இழுத்து அறையை இருட்டாக்கிவிட்டுப் போனாள். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன். எழுந்து அவளைத் தடுத்திருக்கலாம். ஆனால் போர்வை அவ்வளவு சூடாக இருந்தது.

அம்மா திரும்பி வந்த சத்தம் கேட்டது. பையை வைத்துவிட்டு நேராக இங்கேதான் வந்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கட்டில் ஓரத்தில் அவள் உட்கார்ந்த பாரம் தெரிந்தது. கை வந்தது. என் நெற்றியில், முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை.

"சூடு இல்லடா பாப்பா. நல்லா இறங்கிடுச்சு."

வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கை போய்விடும். அம்மா முடியை ஒதுக்கிவிட்டாள், தோளைத் தட்டினாள். யாருக்கோ வந்த பொட்டலத்தைப் பிரித்துத் தின்னுகிற திருட்டு சந்தோஷம் எனக்கு. 

பிறகு, தைலம் தேய்க்க, போர்வைக்குள்ளிருந்து என் கையை எடுத்தாள். தங்கையின் கை பூ மாதிரி இருக்கும். என் கை, குளிர்காலம் முழுக்க இரண்டு ஆள் வேலைக்குக் கழுவிக் கழுவி வெடித்துக் கிடந்தது. அம்மாவின் விரல்கள் அந்த வெடிப்புகளில் நின்றன.

இப்போது சொல்லுவாள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன்.

"பாப்பா எங்கடி?" என்றாள்.

"டூட்டிக்குப் போயிட்டா. எனக்குப் பதிலா."

"காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகல! உனக்கு உடம்பு சுடக்கூட இல்லையே, எப்படிடி அனுப்ப மனசு வந்தது?" என்றபடியே எழுந்துவிட்டாள். தங்கையின் சால்வையையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வாசல் கதவைச் சாத்தக்கூட இல்லை. குளிர் நேராக உள்ளே வந்தது.

எழுந்து கதவைச் சாத்தினேன். முகம் கழுவினேன், சீருடையை எடுத்து வைத்தேன். இதோ நானே வருகிறேன், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத்தான் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"சொல்லு இரும்பு."

சொல்ல வந்தது வரவில்லை.

"சிஸ்டர்," என்றேன். "முடியல."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"இப்ப நம்பறேன்மா," என்றார்.