அப்பா சீஸ்

எங்கள் வீட்டில் எந்தச் சாப்பாடும் முதலில் மூக்குக்குத்தான் போகும், அப்புறம்தான் வாய்க்கு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். என் மகளுக்கு மூக்கி என்று பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். நடக்கத் தொடங்கிய வயதில், யாரோ ஆசையாக ஊட்டிவிட்ட விரல்நுனிச் சீஸில் அவளுக்கு உதடு வீங்கி, தொண்டை அடைத்து, உடம்பு நீலம் பாரித்துவிட்டது. பால் ஆகாது, பாலில் செய்த எதுவும் ஆகாது, இன்னொரு தடவை உள்ளே போனால் இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் சொன்னார். அவசரத்துக்குப் போட ஊசியும் கொடுத்தார். அந்த ஊசிப் பை அன்று என் தோளில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

எழுத்து சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அவளுக்கு மோப்பம் சொல்லிக்கொடுத்தோம். சொல்லிக்கொடுத்தது என் கணவர். என் மூக்கு சுத்த மோசம். அடுப்பில் கருகினால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டும். அவர் அறையின் அந்தக் கோடியில் நின்று பாலோ சீஸோ போட்ட ஒரு பாட்டிலைத் திறப்பார். இந்த வாசனை வந்தால் என்ன செய்யணும் என்று கேட்பார். கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் வரணும் என்று இவள் மழலையில் ஒப்பிப்பாள். மூக்கை மட்டும் நம்பாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நாங்களும் நம்பவில்லை, டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தெல்லாம் படிப்போம். ஆனால் நாங்கள் இல்லாத இடத்தில் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? பள்ளியில் தோழி நீட்டிய பிஸ்கட்டை மோந்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறாள். டீச்சர் உறையைப் படித்துப் பார்த்தால், உள்ளே பால் பவுடர். அந்த அம்மா அசந்துபோனார்.

என் கணவர் பால் இல்லாமல் சீஸ் செய்யும் கம்பெனியில் சேர்ந்ததும் இவளுக்காகத்தான். முந்திரி, ஓட்ஸ், தேங்காய் எண்ணெய், இவைதான் சரக்கு. முதலில் வந்தது வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தது. கடித்தால் மெழுகுவத்தியைக் கடித்த மாதிரி. மூக்கி மட்டும் ரசித்துச் சாப்பிடுவாள், பாவம், அவளுக்குத் தெரிந்த சீஸ் அதுதானே. கடையில் ஒரு தடவை வாங்கியவர்கள் மறுபடி அந்தப் பக்கமே வரவில்லை. வகை வகையாக வேண்டும், நாள்பட்டது, புகைபோட்டது, பூஞ்சை படர்ந்தது என்று எல்லாம் வேண்டும், எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

அங்கே ஒரு சோதனை உண்டு. தட்டில் மூன்று துண்டு வைப்பார்கள். இரண்டு பாலில் செய்தது, ஒன்று இவர்களுடையது. காலமெல்லாம் சீஸ் தின்று ஊறிய ஆட்களைக் கூப்பிட்டு, இதில் ஒட்டாதது எது என்று கேட்பார்கள். மென்று பார்க்காமலே எல்லோரும் சரியாகக் காட்டினார்களாம். ஒருவர், இது கை கழுவுவதற்கா என்று கேட்டாராம். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

அப்புறம் மனிதர் வெறிபிடித்தவராகிவிட்டார். முந்திரியை அரைத்துப் புளிக்க வைப்பது, உப்புப் போட்டுக் குளிர் அறையில் மாதக்கணக்கில் காத்துக்கிடப்பது, அது கெட்டுப்போனால் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஏதோ ஓர் அமிலம் இருக்கிறதாம். ஒரு சொட்டுச் சிந்தினால் குழந்தை வாந்தி எடுத்த நாற்றம், ஆனால் அது இல்லாமல் நாள்பட்ட சீஸின் ருசியே வராதாம். அவர் சட்டைகளை மட்டும் தனி வாளியில் ஊறப்போட்டேன். இதற்கு நீங்கள் சாக்கடை வேலைக்கே போயிருக்கலாம் என்று திட்டினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒருநாள் மாலை டப்பாவும் கையுமாக, வாயெல்லாம் பல்லாக வந்தார். மூடியைத் திறந்ததுதான் தாமதம்.

“அப்பா, பால்,” என்றாள் மூக்கி. படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்தே என்னிடம் ஊசிப் பையைக் கேட்டாள்.

அவர் கதவுக்கு வெளியே நின்று, இது பால் இல்லடா கண்ணு, அப்பா செய்தது என்று கெஞ்சினார். அவள் வரவில்லை. பரீட்சையில் பாஸ், போய் முகம் கழுவுங்கள் என்றேன். சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஐயோ என்றிருந்தது.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “அவளுக்கு அந்தப் பயம் இருக்கட்டுங்க. அதுதான் அவளை உயிரோட வெச்சிருக்கு.”

“எல்லாப் பிள்ளைங்களும் சாப்பிடுறதை அவ ஒரு நாளாவது சாப்பிட வேண்டாமா? யாருக்காக இந்தப் பாடு படறேன்?”

பழைய மெழுகுச் சீஸுக்குள் கடுகளவு புதியதை வைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அப்பா முகத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு. பிறகு ஒருநாள் அவளே ஃபிரிட்ஜைத் திறந்து, “அம்மா, அப்பா சீஸ் தீர்ந்துபோச்சு,” என்றாள். அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரொட்டியில் உருக்கி, நூல் நூலாக இழுத்து, தாடையெல்லாம் ஒட்டிக்கொள்ள அவள் சாப்பிடுவதைப் பார்த்து எனக்கும் வயிறு நிறைந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்த மூன்று துண்டுச் சோதனையிலும் கடைசியில் அந்த ஆட்கள் தோற்றார்கள். ஒருவர் தப்பான துண்டைக் காட்டினார், இன்னொருவர் தெரியவில்லை என்று கையை விரித்தார். முதலாளியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரக்கெல்லாம் கடைகளுக்குப் போனது. கம்பெனி கேன்டீனில் விருந்து வைத்தார், குடும்பத்தோடு வரச் சொன்னார். மேசையில் இருப்பதெல்லாம் நம் சீஸ்தான், பயமில்லாமல் வா என்று இவர் என்னிடம் சொன்னார். அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். விருந்தாளிகளையும் அந்தச் சோதனையை விளையாட வைக்கலாம் என்று முதலாளியம்மாவுக்குக் கடைசி நேரத்தில் தோன்றியது அவருக்குத் தெரியாது. தட்டுகளில் பேர் எழுதவில்லை. எழுதினால் அப்புறம் விளையாட்டு ஏது?

இவரை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்திருந்தார்கள். மூக்கி மேசைப் பக்கம் போனாள். நான் பையைத் தோளில் மாட்டியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை எடுத்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் மேடையைத் திரும்பிப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலில் இருமினாள். பிறகு கை தொண்டைக்குப் போனது. கவுனோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தினேன். இவர் மைக்கோடு குதித்து ஓடிவந்தார். ஆம்புலன்ஸில் அவளுடைய மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது; ஆஸ்பத்திரிக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அதுவும் கேட்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டார்கள். நாங்கள் வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். முதலாளியம்மா தூரத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை எழுப்பி நாலு அறை விட்டிருக்கலாம். அந்தக் கதவை விட்டு நகர மனமில்லை. இவர் பேயறைந்தவர்போல் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

பிழைத்துக்கொண்டாள். உள்ளே விட்டபோது முகம் வீங்கி, கண் பாதிதான் திறந்தது. திட்டு விழுமென்று நினைத்தாள் போலிருக்கிறது. கரகரத்த குரலில் அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

“மோந்து பார்த்துட்டுத்தான் சாப்பிட்டேன் அப்பா. அப்படியே உங்க சீஸ் மாதிரியே இருந்துச்சு.”

இந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று இத்தனை வருஷம் காத்திருந்தவர் அவர். அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்த டப்பாக்களையெல்லாம் வழித்துக் குப்பையில் போட்டார். போனால் போகிறது, மறுபடி முதலிலிருந்து அவளுக்கு மோப்பம் சொல்லிக்கொடுங்கள் என்றேன்.

“எதை வெச்சு சொல்லிக்கொடுக்கிறது? ரெண்டும் ஒண்ணுதான். யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாதுன்னுதானே செஞ்சேன்.”

குப்பைப் பையை இறுக்கிக் கட்டி வாசலில் கொண்டுபோய் வைத்தேன்.

இன்று காலை மூக்கிக்கு ரொட்டி கொடுத்தேன். வழக்கம்போல் மூக்குவரை கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். தட்டோடு என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“நீ பாரும்மா. எனக்குத் தெரியல.”

குனிந்து மோந்தேன். எனக்கென்ன தெரியும்? நான் வாங்கிய ரொட்டி, பொடி எழுத்தெல்லாம் நான் படித்த ரொட்டி. அந்தத் தைரியத்தில், சாப்பிடு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தாள்.

நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம்.