பஸ்தியானின் நாலு பாகம்

கோயில் கூரையின் முதலாவது இரும்புச் சட்டத்தை ஆறு பேர் தூக்கி ஏற்றினார்கள். ஒரு முனை மேற்குச் சுவரில் உட்கார்ந்தது. மறுமுனை கிழக்குச் சுவரை எட்டாமல் அந்தரத்தில் நின்றது.

"இறக்குங்க," என்றான் நிலுக்சன்.

அவன் மறைமாவட்டக் கட்டடக் குழுவின் பொறியியலாளன். சிறிய ஊர்கள் கோயில் கட்ட அந்தக் குழு வரைபடமும் கூரையும் கொடுக்கும்; சுவர் ஊராரின் வேலை. கற்பிட்டியிலிருந்து படகில் வந்து சேரவேண்டிய மணல்வாடியில் முப்பத்தொரு குடும்பம். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் அங்கே வந்திருந்தான்.

"சுவர் நடந்து போயிட்டா, சம்மாட்டி?" என்று கேட்டார் சரீப் நானா. சட்டங்களைப் பற்றவைத்து ஒட்டிக் கொண்டுவந்த கற்பிட்டி இரும்புக்காரர் அவர்.

படகுகளின் முதலாளி பஸ்தியான் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நிலுக்சன் நாடாவைப் பிடித்தான். இருபத்துநான்கு அடி இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தாறு.

"எதால அளந்தீங்க அண்ணன்?"

"பாகத்தால. கயிறு, வலை எல்லாம் அப்படித்தானே அளக்கிறம். ஒரு பாகம் ஆறடி. நாலு பாகம் இருபத்திநாலு. கணக்குச் சரிதானே?"

"ரெண்டு கையையும் விரிங்க."

பஸ்தியான் விரித்தார். ஒரு கைவிரல் நுனியிலிருந்து மறு கைவிரல் நுனி வரை ஆறரை அடி.

"அல்லாஹ்! இது கையா, துடுப்பா?" என்றார் சரீப் நானா.

"ஊரில எத்தினை குட்டையன் இருக்கிறான். ஒருத்தனை அளக்க விட்டிருக்கலாம்," என்றாள் டொறத்தி. கோயில் சபைத் தலைவி. மூன்று மாதமாகக் கல் சுமந்த பெண்களுக்கும் அவள்தான் தலைவி.

"எனக்குப் போனில ஒரு கோல் எடுத்திருக்கலாமே," என்றான் நிலுக்சன்.

 டொறத்திதான் சொன்னாள்.

"அப்ப தங்கச்சியை அடக்கம் பண்ணி எட்டு நாள், தம்பி. அந்த நேரத்தில வந்து அளந்து தாங்க எண்டு எப்படிக் கேக்கிற?"

தங்கை ஷானிகாவின் சாவுக்குப் பலர் ஆறுதலாகப் பலதும் சொல்லியிருந்தார்கள். இவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவனைத் தொந்தரவு செய்யாமல் சுவரை இரண்டடி பிழையாகக் கட்டியிருந்தார்கள். அவன் நாடாவைச் சுருட்டினான்.

"எத்தினை நாள் இருக்கு?"

"பதினேழு," என்றார் பஸ்தியான். "சோளகக் காத்துத் தொடங்கமுந்தி வள்ளங்களோட முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போயிடுவம். போனா திரும்பி வாறது புரட்டாசிக்குத்தான்."

ஆண்கள் போனால் தூக்க ஆளில்லை. கூரையில்லாத நீளச் சுவர் சோளகத்துக்கு நிற்காது. போன வருடம் அதே காற்றுத்தான் கோயிலாக இருந்த ஓலைக் கொட்டிலைக் களப்புத் தண்ணீரில் கொண்டுபோய்ப் போட்டது.

"நாலு மாசம் அந்தோனியார் சுரூபம் என்ர அலுமாரிக்குள்ள, சீலைகளோட நிண்டது," என்றாள் டொறத்தி. "இந்த வருசமும் ஏலாது, தம்பி."

"புதுச் சட்டம் அடிக்க ஒரு மாசம் வேணும்," என்றார் சரீப் நானா.

"சுவரை உடைச்சுக் கட்டுவம்," என்றார் பஸ்தியான்.

நிலுக்சன் சீமெந்துப் பையின் பின்பக்கத்தில் கோடு போட்டான். அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஒண்டையும் உடைக்க வேண்டாம். சுவரை ஒட்டி, உள்பக்கமாத் தூண் கட்டுவம். ஒரு பக்கத்துக்கு ஏழு. ஒவ்வொண்டும் ஒரு அடி முன்னுக்கு வரும். சட்டம் தூணில இருக்கும். நானா, சுவருக்கு வெளியில தண்ணி விழுறமாதிரி ரெண்டு முனைக்கும் வால் ஒட்டித் தாங்க."

"வாலென்ன, மீசையும் ஒட்டித் தாரன்."

"நிக்குமா?" என்று கேட்டாள் டொறத்தி.

"நிக்கும்."

பதினான்கு தூணுக்கும் அத்திவாரக் குழியைத் தானே வெட்டுவதாகப் பஸ்தியான் மண்வெட்டியை எடுத்தார். மற்றவர்களும் சேர்ந்து வெட்டினார்கள். நிலுக்சன் கற்பிட்டிக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கினான். ஒவ்வொரு குழியையும் நாடாவால் அளந்தான். அளக்கும்போது பஸ்தியான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். எட்டாம் நாள் தூண்கள் எழுந்தன. ஆறு நாள் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டார்கள். பதினைந்தாம் நாள் சட்டங்கள் ஏறின. ஏழும் பிசகில்லாமல் உட்கார்ந்தன.

பதினேழாம் நாள் காலை வள்ளங்கள் புறப்பட்டபோது தகரம் பாதிதான் அடித்திருந்தது.

"மிச்சம்?" என்று பஸ்தியான் வள்ளத்திலிருந்து கத்தினார்.

"நாங்க என்ன செத்தா போயிட்டம்?" என்று டொறத்தி கூரையிலிருந்து கத்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள், இடுப்பில் சீலையை இழுத்துச் செருகி, ஆணியை வாயில் கவ்வியிருந்தார்கள். நிலுக்சன் கீழிருந்து தகரம் ஏற்றிக் கொடுத்தான். அன்று வெயில் தாழமுன் முடித்தார்கள்.

ஐந்து நாள் கழித்துக் காற்று வந்தது. களப்பு வெளுத்து, மணல் ஊசியாய்ப் பறந்தது. டொறத்தியும் பெண்களும் கோயிலுக்குள் போய் நின்றார்கள். தகரம் உறுமியது. நிலுக்சன் ஏணியில் ஏறி, கடைசிச் சட்டத்தின் முறுக்காணியை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தான். அது திரும்ப இடமில்லாமல் இறுகியிருந்தது.

ஏணியில் நிற்கும்போதே தொலைபேசி அடித்தது. முல்லைத்தீவிலிருந்து பஸ்தியான்.

"தம்பி, அங்க காத்து எண்டு கேள்விப்பட்டன். நிக்குதா?"

"நிக்குது, அண்ணன்."

"நிக்குதாம்!" என்று பஸ்தியான் யாருக்கோ கத்துவதும், அங்கே பலர் சேர்ந்து கூச்சல் போடுவதும் கேட்டது. நிலுக்சன் தொலைபேசியை வைக்காமல், அந்தச் சத்தம் ஓயும்வரை காதில் பிடித்துக்கொண்டு நின்றான்.